லேத் இல்லாமல் அம்பு முனை செய்வது: டிரில்லிங் மெஷின், ஆர்பர் பிரஸ், வைஸ்

கேள்வி இதுதான்: வீட்டுப் பட்டறையில் ஒரு பெஞ்ச் டிரில்லிங் மெஷின், கைப்பிடியை இழுத்து அழுத்தும் 1 டன் ஆர்பர் பிரஸ், வைஸ், சாணை மெஷின் இருக்கின்றன. கடைசல் மெஷினான லேத் கிடையாது. 8 மி.மீ. மர அம்புகளுக்கு இரும்பு முனையை நாமே செய்துகொள்ள முடியுமா? வெட்டு அச்சு, அதாவது டை, செய்து பிரஸ்ஸில் வைத்துத் தகட்டிலிருந்து அடித்து எடுத்துவிடலாமா?

முனை செய்யலாம், தாராளமாக. பிரஸ்ஸில் அடித்து எடுக்கும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். டை செய்யக் காசும் நாளும் செலவழித்த பிறகு தெரியவரும் விஷயம் இது; ஒரு கணக்குப் போட்டால் முன்கூட்டியே தெரிந்துவிடும். வெட்டுக்கோட்டின் மொத்த நீளம், தகட்டின் தடிமன், உலோகத்தின் வெட்டு வலிமை, இந்த மூன்றையும் பெருக்கினால் வருவதுதான் பிரஸ் கொடுக்க வேண்டிய விசை. 65 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலம் உள்ள தட்டை முனைக்குச் சுற்றளவு ஏறத்தாழ 150 மி.மீ. தகடு 1.6 மி.மீ., அதாவது 16 கேஜ். மைல்டு ஸ்டீலுக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 350 நியூட்டன் என்று வையுங்கள். 84,000 நியூட்டன் வருகிறது, எட்டரை டன். உங்கள் பிரஸ்ஸின் கைப்பிடியில் இரண்டு பேர் தொங்கினாலும் அது நடக்காது, பல்சக்கரம்தான் உடையும். அரை மி.மீ. தகட்டுக்கு இறங்கினாலும் 2.7 டன் வேண்டும். அந்தத் தகட்டில் செய்த முனை முதல் அடியிலேயே மடங்கிவிடும்.

அதற்காக ஆர்பர் பிரஸ் வீண் என்று நினைக்க வேண்டாம். கோணிய முனையை நிமிர்த்த, தட்டை முனையில் தண்டுக்குள் செருகும் வாலில் ஒவ்வொன்றாகப் பல் வெட்ட, தகட்டை உருட்டிக் குழல் செய்யும்போது அச்சுக் கம்பியை அழுத்த அது அருமையான கருவி. ஒரு பல்லின் வெட்டுக்கோடு 8 மி.மீ. இருந்தால் அரை டன்னுக்கும் குறைவாகவே போதும்.

தட்டை முனை பிறகு; முதலில் உருண்டைக் கம்பியில் கூம்பு முனை. அதை உருவாக்கும் வேலை முழுக்க டிரில்லிங் மெஷினுடையது. மெஷினை நிமிர்த்தி வைத்த லேத்தாக நினைத்துக்கொள்ளுங்கள்: வழக்கமாகப் பிட்டைப் பிடிக்கும் சக்கில் வேலைப்பொருள் சுற்றட்டும், டிரில் பிட் கீழே வைஸில் அசையாமல் நிற்கட்டும். இந்த ஒரு மாற்றத்தில்தான் எல்லாம் இருக்கிறது. வழக்கம்போலக் கம்பியை வைஸில் பிடித்து மேலிருந்து துளைத்தால், துளை நடுவில் விழுவது உங்கள் சென்டர் பஞ்ச் அடியின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. கம்பியே சுற்றினால் துளை தன்னால் நடுவை நோக்கிப் போகும்.

பொருள்: 8 மி.மீ. எம்.எஸ். பிரைட் பார், அதாவது செதில் இல்லாத, முழு வட்டமான மைல்டு ஸ்டீல் கம்பி. கறுப்புக் கம்பி முழு வட்டமாக இருக்காது, மேலே செதிலும் இருக்கும். கட்டடத்துக்குப் போடும் டி.எம்.டி. கம்பி வேண்டவே வேண்டாம். பிரைட் பாரின் வெளி விட்டம் அம்புத் தண்டின் விட்டமே என்பதால் வெளிப்புறம் கடையும் வேலை மிச்சம். ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு அதன் எடை 3.95 கிராம். இந்த எண்ணை மனதில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

மர அம்புக்கு வழக்கமான முனை எடை 100, 125, 145 கிரெய்ன். ஒரு கிரெய்ன் 0.0648 கிராம், ஆகவே 125 கிரெய்ன் என்றால் 8.1 கிராம். இதற்குத் துண்டின் நீளம் 38 மி.மீ. ஹாக்ஸாவில் 39-ஆக அறுத்து, இரண்டு முகத்தையும் அரத்தால் தட்டையாக்கி 38-க்குக் கொண்டுவாருங்கள். 100 கிரெய்ன் வேண்டுமென்றால் 34 மி.மீ. போதும். பத்து முனை வேண்டுமென்றால் பதின்மூன்று துண்டு அறுங்கள். இரண்டு மூன்று நிச்சயம் கழியும்.

முதலில் கூம்பு, பிறகு துளை. வரிசையை மாற்றக் கூடாது. துளையை முதலில் போட்டுவிட்டால், கூம்பு போடும்போது சக்கின் தாடை அரை மி.மீ. சுவரை இறுக்கி முக்கோணமாக்கிவிடும். கூம்பின் நீளம் 10 மி.மீ. இருக்கட்டும். பெரும்பகுதி இரும்பைச் சாணையில் எடுங்கள்: துண்டைக் கை டிரில்லில் மாட்டி, மெதுவாகச் சுற்றவிட்டு, சுற்றும் கல்லின் முகப்பில் சாய்த்துத் தொடுங்கள். இரண்டும் சுற்றுவதால் கூம்பு எல்லாப் பக்கமும் சமமாக வரும். ஒரே இடத்தில் பிடிக்காமல் கல்லின் அகலம் முழுக்க நகர்த்துங்கள், இல்லையென்றால் கல்லில் பள்ளம் விழும். கல்லின் பக்கவாட்டில் அழுத்தவே கூடாது. சாதாரணக் கல் அந்த விசைக்குச் செய்யப்பட்டதல்ல. கண்ணாடி போடாமல் தொடங்காதீர்கள்.

பிறகு துண்டை டிரில்லிங் மெஷின் சக்கில் மாட்டி, நடுத்தர வேகத்தில் சுற்றவிட்டு, தட்டை அரத்தால் லேசாகத் தடவிச் சீராக்கி, எமரி தாளால் முடியுங்கள். 'லேசாக' என்பதற்குக் காரணம் உண்டு. டிரில்லிங் மெஷினின் சக் வெறும் டேப்பர் (சரிவான கூம்பு) பிடியில்தான் நிற்கிறது. மேலிருந்து கீழே அழுத்தும் விசைக்கு அது இன்னும் இறுகும். பக்கவாட்டு விசைக்குக் கழன்று, சுற்றிக்கொண்டே மேசையில் விழும். அரத்துக்குக் கைப்பிடி இருக்க வேண்டும், கையில் உறை இருக்கக் கூடாது. எமரி தாளை விரலில் சுற்றிக்கொள்ளாமல் பட்டையாக இரு முனையையும் பிடித்துத் தேயுங்கள்.

நுனியை ஊசியாக்க ஆசை வரும். வேண்டாம். ஊசி நுனி இலக்கின் மரச்சட்டத்திலோ கல்லிலோ ஒருமுறை பட்டாலே கொக்கிபோல் வளையும். பிறகு ஒவ்வொரு முறை உருவும்போதும் இலக்கைக் கிழிக்கும். நுனியில் அரிசி முனை அளவுக்கு உருண்டை விடுங்கள். வைக்கோல் பலகையில் பாய அதுவே போதும்.

அடுத்தது துளை. இங்கேதான் அவசரம் கூடாது. 5 மி.மீ. விட்டமுள்ள நேரான கம்பித் துண்டு ஒன்றைச் சக்கில் மாட்டுங்கள். சிறிய டிரில் வைஸின் தாடையில் செங்குத்தான வி-பள்ளம் இருக்கும். கம்பியை இறக்கி அந்தப் பள்ளத்தில் அமரவைத்து வைஸை இறுக்குங்கள். கம்பி சக்கிலும் வைஸிலும் ஒரே நேரத்தில் பிடிபட்டிருக்கும் நிலையில் வைஸை மேசையோடு போல்ட் போட்டு முடுக்குங்கள். இப்போது வைஸ் சக்கின் நேர்கீழே இருக்கிறது. கம்பியை எடுத்துவிட்டு, அதே பள்ளத்தில் 5 மி.மீ. டிரில் பிட்டை, வெட்டும் நுனி மேலே பார்க்க, அடித்தண்டைப் பிடித்து இறுக்குங்கள். சக்கில் அம்பு முனையைக் கூம்பு உள்ளே போகும்படி மாட்டி, மெஷினை ஓடவிட்டு மெல்ல இறக்குங்கள்.

துளையை மூன்று படியாகப் போட வேண்டும்: 5 மி.மீ. பிட்டில் 18 மி.மீ. ஆழம், 6 மி.மீ. பிட்டில் 12 மி.மீ. ஆழம், 7 மி.மீ. பிட்டில் 6 மி.மீ. ஆழம். கடைகளில் விற்கும் முனைகளில் உட்புறம் பக்கத்துக்கு 5 டிகிரி சரிவுள்ள வழுவழுப்பான கூம்புத் துளை இருக்கும். அதைப் போடத் துளையைச் சீவும் கருவியான ரீமர் ஒன்று தனியாக வேண்டும். கடையில் கிடைக்கும் டேப்பர் பின் ரீமர் 1-க்கு 50 சரிவு, இதற்கு உதவாது. மேலே சொன்ன மூன்று படிகளும் அதே 5 டிகிரிச் சரிவை ஒட்டியே அமைகின்றன, தண்டையும் அதே சரிவில் சீவினால் உட்காரும். படிகளின் விளிம்பில் பசை மாட்டிக்கொள்வதால் பிடிப்பு வழுவழுத் துளையைவிட நன்றாகவே இருக்கும். இதை ஒரு குறையாக நினைக்க வேண்டியதில்லை.

எல்லாத் துண்டுகளுக்கும் 5 மி.மீ. துளையை முடித்துவிட்டு, வைஸை மறுபடி 6-க்கும், பிறகு 7-க்கும் நேர்ப்படுத்துங்கள். வேகம் 5 மி.மீ. பிட்டுக்கு 1200 முதல் 1500 சுற்று, 7-க்கு 800 முதல் 1000. மூன்று மில்லிமீட்டருக்கு ஒருமுறை மேலே எடுத்து ஒரு சொட்டு எண்ணெய். பிட் கீழேயும் துளை மேலேயும் இருப்பதால் சுருள் தானாகவே உதிர்ந்துவிடும். இந்த அமைப்பில் கூடுதலாகக் கிடைக்கும் வசதி அது. ஆழத்துக்கு மெஷினின் டெப்த் ஸ்டாப்பைப் பூட்டிவைத்துவிடுங்கள், கண்ணால் பார்த்து நிறுத்தினால் எடை ஒன்றுக்கொன்று ஒத்துவராது. பிட்டின் இரண்டு உதடுகளும் சமமாகத் தீட்டப்படாமல் இருந்தால் துளை பெரிதாகும், 7 மி.மீ. பிட்டில் 7.3 வந்தால் சுவர் 0.35-தான் மிஞ்சும். அது ஒட்டும்போது தெரியாது, பத்தாவது அடியில் வாய் பிளக்கும்போதுதான் தெரியும்.

முடிந்ததும் துளையின் வாயைப் பாருங்கள். சுவர் சுற்றிலும் அரை மி.மீ. இருக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் தாள்போல் இருந்தால் துளை நடுவில் இல்லை; அந்தத் துண்டைத் தூக்கி ஓரம் வையுங்கள். பெரிய டிரில் பிட் ஒன்றைக் கையில் பிடித்துத் திருகி உள்விளிம்பின் பிசிறை எடுங்கள். வெளிவிளிம்பை அரத்தால் மிகச் சிறிதாகச் சாய்த்தால் அம்பை உருவும்போது இலக்கில் மாட்டாது.

இனி எடை. நகை நிறுக்கும் 0.01 கிராம் தராசு ஒன்று அவசியம், அது இல்லாமல் இந்த வேலைக்கே அர்த்தமில்லை. 38 மி.மீ. துண்டு இத்தனையும் முடிந்த பிறகு 8.2 கிராம் பக்கம் நிற்கும். ஒரு கட்டு அம்புகளின் முனைகளுக்குள் வித்தியாசம் 2 கிரெய்னைத் தாண்டக் கூடாது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஒரு குன்றிமணி எடை. கூடுதலாக இருப்பதை எங்கே குறைப்பது? வாய்ப்பக்கம் அரத்தால் ஒரு மி.மீ. தேய்த்தாலும் 0.09 கிராம்தான் குறையும், அங்கே இரும்பே இல்லை. சரியான வழி 5 மி.மீ. துளையை ஆழப்படுத்துவது: ஒரு மில்லிமீட்டருக்கு 0.15 கிராம் போகும். மூன்று மி.மீ. வரை போகலாம். எடை குறைந்துபோன முனையைச் சரிசெய்ய வழியில்லை. ஆகவே கனமான பக்கமே நின்று, கட்டிலேயே லேசான முனைக்கு மற்றவற்றை இறக்குங்கள். 125 என்ற எண் முக்கியமில்லை, பத்தும் ஒன்றாக இருப்பதே முக்கியம். கூர்மைக்குப் பலரும் மெனக்கெடுவார்கள். இலக்கில் அம்புகள் சிதறுவது பெரும்பாலும் எடை வித்தியாசத்தாலும் கோணலாலும்தான்.

தண்டின் நுனியை 5 டிகிரிச் சரிவில் 24 மி.மீ. நீளத்துக்குச் சீவுங்கள், 8 மி.மீ.-இலிருந்து 3.8-க்கு இறங்கும். ஒரு மரக்கட்டையில் 8 மி.மீ.-க்குச் சற்றுப் பெரிதாகத் துளை போட்டு, அதைத் தேய்ப்புத் தட்டின் முகத்துக்கு 5 டிகிரி சாய்வில் நிறுத்தி, தண்டை உள்ளே விட்டு விரலால் சுழற்றினால் கச்சிதமாக வரும். 18 மி.மீ. முனைக்குள் போகும், 6 மி.மீ. வெளியே தெரியும். அந்த வெளிப்பகுதி அசிங்கமாக இருக்கிறதென்று தண்டில் வட்டமாக வெட்டிப் படி அமைக்காதீர்கள். மரம் முறிவது எப்போதும் அந்த வெட்டில்தான். சரிவை அப்படியே விட்டு, அதன்மேல் நூலை நெருக்கிச் சுற்றி எபாக்ஸி பூசினால் போதும், வெளியே தெரியும் சரிவும் மூடிவிடும்.

ஒட்டுவதற்கு முன் துளையைத் தின்னரால் கழுவுங்கள். துளைத்த எண்ணெய் உள்ளே ஒரு சொட்டு இருந்தாலும் முனை இலக்கிலேயே தங்கி, வெறும் தண்டு மட்டும் கையோடு வரும். மறுபக்கம் மூடியிருக்கும் துளைக்குள் பசை வைத்துத் தண்டைத் திணித்தால் உள்ளே சிக்கிய காற்று முனையை வெளியே தள்ளும். தண்டின் சரிவில் நீளவாக்கில் அரத்தால் ஒரு கோடு கீறுங்கள், காற்றும் மிச்சப் பசையும் அதன் வழியே வந்துவிடும். பசை இறுகுவதற்குள் அம்பின் நுனியைக் கட்டைவிரல் நகத்தில் நிறுத்திப் பம்பரம்போல் சுழற்றிப் பாருங்கள். நகத்தில் அதிர்வு தெரிந்தால் முனையைக் கால் சுற்று திருப்பி மறுபடி பாருங்கள். ஹாட் மெல்ட் பசை என்றால் சூடுகாட்டி எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம். ஆனால் வெயிலில் நிற்கும் காருக்குள் அம்புகளை விட்டால் அதுவே இளகிவிடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். முனையின் எடை கூடினால் தண்டு அதிகமாக வளையும், மென்மையான தண்டுபோல் நடந்துகொள்ளும். வலக்கைக்காரருக்கு அம்பு வலப்பக்கம் விலகும். 100-இல் நேராகப் போன அம்பு 145-இல் வலப்பக்கம் போனால் முனையில் குற்றமில்லை, தண்டுக்கு அது அதிகம்.

தகட்டில் செய்யும் தட்டை முனைக்கு வருகிறேன். வட அமெரிக்காவின் பெருஞ்சமவெளியில் வாழ்ந்த பழங்குடி மக்கள் 19-ஆம் நூற்றாண்டில் பயன்படுத்தியவை பெரும்பாலும் இவைதான். தோல் வணிகர்கள் விற்றதை வாங்கினார்கள். பீப்பாய்ப் பட்டையிலிருந்தும் பழைய வாணலியிலிருந்தும் தாங்களே உளியால் வெட்டி அரத்தால் தேய்த்தும் கொண்டார்கள். பிரஸ் இல்லை, டை இல்லை. இன்றும் அந்த வழியே நல்ல வழி. 16 கேஜ் தகட்டில் 45 மி.மீ. நீள முக்கோணம், அதன் பின்னால் 7 மி.மீ. அகலத்தில் 20 மி.மீ. வால் என்று வரைந்து, தகடு வெட்டும் லீவர் ஷியரிலோ ஹாக்ஸாவிலோ சற்றுப் பெரிதாக வெட்டுங்கள். ஷியரில் வெட்டினால் தகடு முறுக்கிக்கொள்ளும், ஆர்பர் பிரஸ்ஸில் இரண்டு தட்டைக் கட்டைகளுக்கிடையே அழுத்தினால் நிமிரும். ஐந்து துண்டுகளை அடுக்கி வைஸில் ஒன்றாகப் பிடித்து, விளிம்புகளை ஒரே அரத்தோட்டத்தில் தேயுங்கள். ஐந்தும் ஒரே உருவமாக, ஏறத்தாழ 7.4 கிராமில் வந்துவிடும். வாலின் இரு ஓரத்திலும் முக்கோண அரத்தால் மூன்று நான்கு பல் வெட்டுங்கள், கட்டும் நார் அதில்தான் பிடிக்கும்.

பொருத்துவதற்குத் தண்டின் நுனியில் 20 மி.மீ. பிளவு அறுக்க வேண்டும். அறுப்பதற்கு முன்பே, பிளவு முடியப்போகும் இடத்துக்குப் பின்னால் நூலை இறுக்கிச் சுற்றிவிடுங்கள். பிறகு சுற்றலாம் என்று அறுத்தால் முதல் அடியிலேயே தண்டு பாதிவரை பிளந்துவிடும், ஏனென்றால் தட்டை வால் ஆப்பு மாதிரி வேலை செய்யும். பிளவுக்குள் வால் தொளதொளவென்று இருக்கவும் கூடாது, அடித்து இறக்கும்படி இறுகியிருக்கவும் கூடாது. சமவெளி மக்கள் விலங்கின் தசைநாரை நனைத்துச் சுற்றினார்கள், காய்ந்ததும் அது சுருங்கி இறுகும். மெழுகு தடவிய கனமான நூலும் எபாக்ஸியும் நம் வேலைக்குப் போதும்.

இந்த முனையை வைக்கோல் பலகையிலும் ஃபோமிலும் எய்ய வேண்டாம், இரண்டு நாளில் இலக்கு கந்தலாகும். மண்மேடோ மணல் மூட்டையோதான் இதற்கு. இந்தியாவில் வேட்டைக்கு இடமே இல்லை, 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. தட்டை முனை பழைய முறையை மீட்டுச் செய்துபார்க்கவும் காட்சிக்கு வைக்கவும் மட்டுமே.

தகட்டை உருட்டிச் செய்யும் குழல் முனையும் உண்டு. 1 மி.மீ. தகட்டை விசிறி வடிவில் வெட்டி, கூம்பாகத் தேய்த்த கம்பியின் மேல் சுத்தியலால் சுற்ற வேண்டும். வாய்ப்பக்கத்தில் தகட்டின் அகலம் 28 மி.மீ. வந்தால் 8 மி.மீ. தண்டு உள்ளே போகும். உலை இல்லாமல் குளிரில் உருட்டினால் மூட்டு வாய் பிளந்தே நிற்கும். பழகிய கைக்கே இது கடினம். முதல் முனையாக இதைத் தொட வேண்டாம்.

முனையைச் சூடேற்றிக் கடினப்படுத்த வேண்டுமா என்ற கேள்வி அடுத்து வரும். மைல்டு ஸ்டீலில் கரி (கார்பன்) போதாது. எத்தனை முறை பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தாலும் அது இறுகாது. இங்கிலாந்தில் நான்காம் ஹென்றி காலத்தில், 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முனைகளின் நுனியை எஃகால் கடினப்படுத்த வேண்டும், செய்தவர் தம் முத்திரையைப் போட வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். அது போர்க்களத்து அம்புக்கு. வைக்கோலில் பாயும் முனைக்குக் கடினம் தேவையில்லை. வளைந்தால் நிமிர்த்திக்கொள்ளும் மென்மைதான் நமக்கு வசதி.

தட்டை முனையைப் பழைய மர ரம்பத் தகட்டில் செய்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தும். தகட்டைச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து இரவு முழுக்க ஆறவிட்டால்தான் அரம் ஏறும். வடிவம் முடிந்ததும் காந்தம் ஒட்டாத சூட்டுக்கு, ஏறத்தாழ 770 டிகிரிக்குச் சற்று மேலே, கொண்டுபோய் வெதுவெதுப்பான எண்ணெயில் நேராக இறக்குங்கள். சாய்த்து இறக்கினால் வில்லாக வளையும். அப்படியே விட்டால் கண்ணாடிபோல் உடையும். எமரியில் பளபளப்பாக்கி, வாலிலிருந்து மெல்லச் சூடேற்றி, மேலே ஓடும் நிறம் நீலத்துக்கு வரும்வரை, சுமார் 290 முதல் 300 டிகிரி, காட்டுங்கள். வைக்கோல் மஞ்சளில் நிறுத்தினால் அரிவாளுக்குச் சரி, அடிவாங்கும் அம்பு முனைக்கு அதிகம். ஹாக்ஸா மெஷின் பிளேடு சிலது ஹை ஸ்பீடு ஸ்டீல். அது இந்த முறைக்கு இளகவே இளகாது. துத்தநாகம் பூசிய தகட்டை நெருப்பில் வைக்கவே வேண்டாம், அதன் புகை காய்ச்சலையும் மூச்சுத் திணறலையும் தரும்.

எய்யத் தொடங்கிய பிறகு முனைக்குப் பின்னால் உள்ள ஒரு விரற்கடையை ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பாருங்கள். நூலின் மேல் பூசிய எபாக்ஸியில் மயிரிழை வெடிப்பு வட்டமாகத் தெரிந்தால் உள்ளே மரம் முறியத் தொடங்கிவிட்டது. அந்த அம்பை நாணில் ஏற்றாதீர்கள். ஹாட் மெல்ட்டில் ஒட்டியிருந்தால் முனையைச் சூடுகாட்டிக் கழற்றிவிடலாம். எபாக்ஸியானால் முனையைத் தீயில் நேராகப் பிடித்து, பசை கருகி நாறும்வரை விட்டு, குறட்டால் திருகினால் வந்துவிடும். சன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். துளையை 5 மி.மீ. பிட்டால் கையில் திருகிச் சுத்தம் செய்தால் அதே முனை அடுத்த தண்டுக்கு ஆகும்.